கொக்கின் காலருகே ஒரு கோடு

அப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பங்களுக்குப் படம் திருத்திக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தலைக்கு மேல் தொங்கும் சீரியல் லைட் ஒயர், மணமேடையில் யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில், பெண்ணின் கன்னத்துப் பரு என்று எதையும் விட்டுவைக்க மாட்டேன். பக்கத்து இடத்தை எடுத்து அதன் மேல் பூசிவிட்டால், அங்கே ஒன்று இருந்ததாகவே தெரியாது.

என் வீட்டுக்காரர் கடலூரில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். 2009-இல் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினார். அதன் பிறகு ஞாயிறு ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு பிச்சாவரம் பக்கம் கிளம்பிவிடுவார். அவருக்குப் பறவை என்றால் உயிர். பறவைகளுக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை. மீன்கொத்தி என்று காட்டுவார், வெறும் கிளை இருக்கும். நாரை என்று காட்டுவார், சுரபுன்னை இலைகளுக்குப் பின்னால் ஒரு கால் தெரியும். “இந்த வாரம் எந்த மரம் மச்சான்?” என்று ஆபீசில் கேட்பார்களாம். வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் மனுஷருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. சிதம்பரத்தில் ஒரு போட்டோ போட்டி வந்தது. அதில் ஒரு முழுப் பறவையை வைத்து அத்தனை பேர் வாயையும் அடைத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

படம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். ஞாயிறு மதியம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“மாட்டிக்கிச்சு பாரு. கிட்டப் போறேன், இன்னும் கிட்டப் போறேன், பறக்கவே இல்ல. என்னையே பாத்துகினு நிக்குது.”

வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுப் பார்த்தேன். வயலோரச் சேற்றுத் தண்ணீரில் ஒரு வெள்ளைக் கொக்கு. இறகு இறகாகத் தெரிந்தது. எனக்கே பெருமையாகிவிட்டது. கால்களுக்கு முன்னால் மட்டும் சாய்வாக ஒரு மெல்லிய பழுப்புக் கோடு.

“அந்தப் புல்ல மட்டும் எடுத்துடு. மத்ததெல்லாம் அம்சமா இருக்கு.”

தண்ணீர் மேல் இருந்த பகுதி சுலபம், முதலில் அதை அழித்தேன். எங்கே நிறுத்துவது என்று பார்க்கப் படத்தைப் பெரிதாக்கினேன். புல் என்றால் ஒரு நுனி வேண்டும், ஒரு வேர் வேண்டும். இதில் இரண்டையும் காணோம். ஒரு முனை சேற்றில் அடித்திருந்த சின்ன முளைக்குச்சியில் முடிந்தது. மறு முனை கொக்கின் காலுக்கு முன்னால் போய், பின்னால் வளைந்து, மறுபடி முன்னால் வந்தது. எந்த ஊர்ப் புல் காலைச் சுற்றும்?

“மாமா, இங்க வாங்க. இது புல்லு இல்ல, கயிறு. கொக்கப் போயி எதுக்குக் கட்டணும்?”

குனிந்து, அந்த முளைக்குச்சியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“கண்ணி வெக்கிறவங்க வேல. ஒண்ணக் கட்டி வுட்டா, அது மேயுதுன்னு நெனச்சி மத்த கொக்கெல்லாம் வந்து எறங்கும்.” பிறகு மெதுவாக, “அதான் பறக்கலயா” என்றார்.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், சின்ன வயதிலிருந்து இதையெல்லாம் பார்த்தவர். கேமரா வழியாகப் பார்க்கும்போது மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். சத்தியமாக அப்போது கொக்கைவிட அவரைப் பார்த்துத்தான் எனக்குப் பாவமாக இருந்தது.

“பாதி அழிச்சிட்டேன். மீதியையும் எடுத்துட்டா யாருக்குத் தெரியப்போவுது?” என்றேன்.

அவர் காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு பைக்கை உதைத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். நாங்கள் போனபோது முளைக்குச்சி இருந்தது, அறுந்த கயிறு இருந்தது, கொக்கு இல்லை. யாராவது கொண்டுபோனார்களா, அதுவாகவே அறுத்துக்கொண்டு போனதா, தெரியவில்லை. குச்சியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: “அழிச்சத திருப்பிக் கொண்டாந்துடு. அப்பிடியே குடுத்துடலாம்.”

கோட்டைத் திரும்பக் கொண்டுவந்தேன். கல்யாண ஆல்பத்தில் அப்படி ஒரு வேலையை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

போட்டிப் படங்களின் கண்காட்சி அன்று எங்கள் படத்துக்கு முன்னால் நடுவர் ரொம்ப நேரம் நின்றார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

“பிரமாதமான படம் சார். முன்னால அந்தப் புல்ல மட்டும் எடுத்திருந்தீங்கன்னா, மொதப் பரிசே உங்களுக்குத்தான்.”

“அது புல்லு இல்ல சார்” என்றார் வீட்டுக்காரர்.

நடுவர் அதற்குள் அடுத்த படத்துக்குப் போயிருந்தார்.