பிடித்திருக்கக்கூடிய பந்து

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கால்பந்து அணியில் எனக்கு இடம் கிடைத்தது. அது காலியாக இருந்த இடம் இல்லை. மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் இரண்டு வருடமாகக் காத்த கோல். பயிற்சி ஆட்டம் ஒன்றில் நான் நாலைந்து பந்துகளைப் பாய்ந்து பிடித்ததைப் பார்த்த பி.டி. சார், ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் அவரிடம், "இந்த சீசன் இவன் நிக்கட்டும்டா. நீ சப்ஸ்டிடியூட்டா இரு" என்றார். அண்ணன் கையுறைகளைக் கழற்றினார். "சரி சார்" என்றார். அவ்வளவுதான். மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

அணியில் முக்கால்வாசிப் பேர் அண்ணனோடு ஒரே வகுப்பில் படிப்பவர்கள். டவுனில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வளர்ந்தவர்கள். நான் அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து போகிறவன். அவர்கள் என்னைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. பேசவில்லை, அவ்வளவே. கோல் கீப்பர் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். யார் பின்னால் வருகிறான், எந்தப் பந்தை விட வேண்டும் என்றெல்லாம் அவன் கண்ணுக்குத்தான் தெரியும். நானும் கத்தினேன். ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் கத்துவதை விட்டுவிட்டேன்.

பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்கு வரும் வெளியூர் பஸ்களை எங்கள் மைதானத்தில் நிறுத்துவார்கள். மறுநாள் பார்த்தால் தரையெல்லாம் டயர் பள்ளம். கோல் முன்னால் இருக்கும் பள்ளங்களை நான் சீக்கிரமே வந்து மண்வெட்டியால் நிரவுவேன். அண்ணன் காலத்தில் அதை ஐந்தாறு பேர் சேர்ந்து செய்வார்களாம். வாட்ச்மேன்தான் சொன்னார்.

முதல் ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிரணிக்கு ஒரு பெனால்டி கொடுத்தார்கள். அடிக்க வந்தவன் இடது மூலையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். அதை நம்பாமல் நான் வலப்பக்கம் பாய்ந்தேன். பந்து உள்ளங்கையில் பட்டு முன்னால் விழுந்தது. எங்கள் டிஃபென்ஸ்காரன் ஒருவன் ஓடிவந்து அதை வெளியே உதைத்தான். மொத்த அணியும் கத்திக்கொண்டு ஓடிவந்தது. நான் எழுந்து நின்று கைகளை லேசாக விரித்தும்விட்டேன். எல்லோரும் பந்தை உதைத்தவனைப் போய்க் கட்டிக்கொண்டார்கள். விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கையுறையைச் சரிசெய்வதுபோல நின்றேன்.

அடுத்த இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்தோம். அரையிறுதி வேலூரில். வேன் காலை ஏழு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். நான் ஆறே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வேனில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பி.டி. சார் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"ஆறு மணிக்குன்னு மாத்திட்டோமேடா! எவ்ளோ நேரம் வெயிட் பண்றது உனக்காக?"

"எனக்குத் தெரியாது சார்."

"வாட்ஸ்அப் குரூப்ல போட்டோம் சார்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

அப்படி ஒரு குரூப் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதைச் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் அதட்டுவார், அவர்கள் என்னைச் சேர்ப்பார்கள். அப்படிச் சேர எனக்கு மனம் இல்லை. டிரைவருக்குப் பின்னால் இருந்த இரட்டை சீட்டில் தனியாக உட்கார்ந்தேன்.

அரையிறுதியில் இடைவேளைக்குப் பிறகு கோல் எதுவும் விழாமல் இருந்த நேரம். உயரமாக வந்த ஒரு பந்துக்குக் குதித்தேன். எதிரணி ஆள் தலையில் என் வலது கை மோதியது. மோதிர விரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. வலியைவிட அதைப் பார்ப்பதுதான் பயமாக இருந்தது. சார் என்னை வெளியே இழுத்து ஐஸ் வைத்தார். அண்ணன் உள்ளே போனார். உடனே எங்கள் அணியே வேறு அணிபோல ஆயிற்று. "வுடு வுடு, நான் பாத்துக்கறேன்!" என்று அவர் கத்த, டிஃபென்ஸ் விலகியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, நான் காத்த கோலில் ஒருநாளும் கேட்காத சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி நிமிடங்களில் எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து அடித்தான். வேகமில்லாத பந்து. அண்ணன் ஓரடி முன்னால் வந்துவிட்டார். பந்து அவருக்கு முன்னால் குத்தி எழும்பி, தலைக்கு மேலாக உள்ளே போனது. நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் நெஞ்சுக்கு வந்திருக்கும். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். எல்லோரும் போய் அவர் முதுகைத் தட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் விரலை இழுத்துச் சரிசெய்து கட்டுப்போட்டார்கள். திரும்பும்போது வேன் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அண்ணன் பின்சீட்டிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வலி ஜாஸ்தியா இருக்குதா?"

"கம்மி ஆயிடுச்சிண்ணா."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணமங்கலம் தாண்டியிருக்கும். "நீ நின்னிருந்தா புடிச்சிருப்ப இல்ல?" என்றார்.

"இல்லண்ணா. அது குத்தி எழும்பின பால். யாராலயும் முடியாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா தெரியாது. "உன் நம்பர் குடு" என்றார். அங்கேயே என்னை குரூப்பில் சேர்த்தார். பின்சீட்டில் யார் யாருடைய போனோ ஒலித்தது. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. சீசனே முடிந்துவிட்டது, எழுத என்ன இருக்கிறது? டவுனில் எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். "வா" என்றார் அண்ணன். "லேட் ஆயிடுச்சிண்ணா" என்று சொல்லி நான் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். நேரம் ஆறுகூட ஆகியிருக்கவில்லை. ஏன் போகவில்லை என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது.

வீட்டில் கட்டைப் பார்த்த அம்மா பதறிப்போனார். சாதம் பிசைந்து ஊட்டிவிட்டார். "கூட யாருமே வரலியா, உன்ன கொண்டாந்து வுட?" என்று கேட்டார்.

"எல்லாரும் வரேன்னாங்கம்மா. நான்தான் வேணாம்னேன்" என்றேன். ஒரே நாளில் மூன்றாவது பொய். அம்மா நம்பினார். அடுத்த உருண்டையை நீட்டினார்.