அளவு ஜாக்கெட் கொண்டு வராதவள்

முதல் நாள் தையல் வகுப்பில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். உத்தமபாளையத்து முஸ்லிம் வீட்டுப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு மருமகள். குமுளிப் பக்கம் பிறந்து கம்பத்தில் வாழ்க்கைப்பட்ட மலையாளப் பெண். வருசநாட்டுக்கு மேலே மலையடிவாரக் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளை, இருபது வயது. தேனி டவுன் பெண்கள் ஆறு பேர். வாசலில் நின்றபடி கல்லூரி முதல்வர் அம்மா. பிறகு நான்.

சமுதாயக் கல்லூரி என்று பெயர். தேனியில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். படிப்பைப் பாதியில் விட்டவர்களும் சேரலாம். ஆறு மாதம் படித்தால் சான்றிதழ். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. முப்பது வருடம் லேடீஸ் டெய்லர். கத்தரி பிடிக்கத் தெரியும் என்று கூப்பிட்டார்கள், போனேன். எல்லோரும் மாஸ்டர் என்றார்கள்.

முதல்வர் அம்மா நல்ல மனுஷி. வருசநாட்டு பஸ் தாமதமாக வரும் என்று வகுப்பைப் பத்து மணிக்கு மாற்றினார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம் என்று வகுப்பு வைப்பதில்லை. எந்தச் சாதி, எந்த மதம், எந்த ஊர் என்றாலும் இங்கே யாரும் தன்னை வேற்றாளாக நினைத்துவிடக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் ஒரு நாள் கூட்டம் போட்டார். படம் காட்டினார். டீயும் வடையும் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நான் யாரையும் வேறாக நடத்துவதில்லை என்று எனக்கு நினைப்பு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். பொம்பளை மேல் டேப் வைக்க மாட்டோம். பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். அதை மேஜையில் விரித்து அளந்து புதுசை வெட்டுவோம். முப்பது வருடமும் அப்படித்தான். அதனால் வகுப்பிலும் சொன்னேன். நாளைக்கு ஆளுக்கொரு அளவு ஜாக்கெட் கொண்டு வரணும், பிரித்துப் பார்த்துப் படிக்கலாம்.

மறுநாள் எல்லோரும் கொண்டு வந்தார்கள். ஓடைப்பட்டி மருமகள் கல்யாண ஜாக்கெட்டையே கொண்டு வந்து, பிரிக்கப் போகிறோம் என்றதும் பிடுங்கி வைத்துக்கொண்டாள். வகுப்பு சிரித்தது. மலைப்பிள்ளை மட்டும் வெறுங்கையோடு இருந்தாள்.

"மறந்துட்டேன் மாஸ்டர்."

அடுத்த நாளும் மறந்துட்டேன் என்றாள். எனக்குக் கோபம் வந்தது.

"நாளைக்கும் கொண்டு வரலைன்னா உள்ள வராத."

அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தொடர்ந்து பத்து நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் சேர முடியாது. அந்தக் குடியிருப்பிலிருந்து கல்லூரி என்று வந்த முதல் ஆள் அவள்.

அவள் வராத நாலாம் நாள் ஓடைப்பட்டி மருமகள், "மலைக்காரப் பிள்ளைக இப்படித்தேன். நாலு நாளைக்கு மேல தங்காதுக" என்றாள்.

உத்தமபாளையத்துப் பெண் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"என்னையுந்தேன் சொன்னாக. துலுக்கவூட்டுப் பொம்பள, ரெண்டு நாளைக்கு மேல பஸ் ஏற மாட்டான்னு. இன்னைக்கு எத்தனாவது நாளு?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர், அந்தப் பிள்ளை போட்டிருந்த ஜாக்கெட்டப் பாத்தீகளா?"

"பொம்பளப் பிள்ளை ஜாக்கெட்ட நான் ஏன் பாக்குறேன்?"

"நல்லாயிருக்கு போங்க. டெய்லரு பாக்காம கொத்தனாரா பாப்பாரு? தோளு இறங்கிக் கெடக்கு. பின்னாடி மூணு ஊக்கு. அது யாரோ போட்டுக் கழிச்சுக் குடுத்தது. அவகிட்ட இருக்குறது பூராம் அப்படித்தேன். அவ உடம்புக்குன்னு தைச்சது ஒண்ணு இருந்தாத்தான அளவுக்குக் கொண்டு வருவா? இல்லைன்னு பத்துப் பேரு முன்னாடி எப்படிச் சொல்லுவா?"

கத்தரியைக் கீழே வைத்தேன்.

முதல்வர் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பேரை நான் எடுக்கிறதுக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.

நான் மட்டும் போனால் அந்தப் பிள்ளை பயந்துவிடும் என்று உத்தமபாளையத்துப் பெண்ணும் வந்தாள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரிலிருந்து பஸ் ஏறித் தேனிக்கு வந்துவிட்டாள். வருசநாடு பஸ்ஸில் அவள் முன்னால், நான் பின்னால். இறங்கியதும் பையைக் காட்டினேன். புது ஜாக்கெட் துணி வாங்கி வைத்திருந்தேன். கொடுத்துச் சமாதானம் சொல்லலாம் என்று.

"அத வெளிய எடுக்காதீக."

"ஏன்?"

"இத்தன வருசமும் குடுத்துக்கிட்டேதான இருக்காக. நீங்களும் ஒண்ணு குடுக்கணுமாக்கும்?"

பையை மூடிக்கொண்டேன். ஆட்டோவில் கொஞ்ச தூரம், பிறகு நடை.

பிள்ளை இலவங்காய் உடைத்துப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"தப்பு என்னோடது. வந்துரு."

அவள் தரையைப் பார்த்தாள். உத்தமபாளையத்துப் பெண் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினாள்.

"இந்தா ஆத்தா, எனக்கு அளவெடு. மாஸ்டருக்கு எடுக்கத் தெரியாது."

"மாஸ்டருக்கா தெரியாது?"

"அவுகளுக்குத் துணியத்தேன் அளக்கத் தெரியும். ஆள அளக்கத் தெரியாது. கேட்டுப் பாரு."

"தெரியாது" என்றேன். உண்மைதான்.

இருவரும் வீட்டுக்குள் போனார்கள். நான் வெளியே முதுகைக் காட்டி நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"நம்பர் வாசிப்பியா?"

"எட்டாப்பு படிச்சிருக்கேன்க்கா."

"அடி ஆத்தீ. அப்ப மாஸ்டரவிட மூணு வகுப்பு கூட. இனிமே சத்தமாப் பேசு."

அந்தப் பிள்ளை சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். வெளியே வந்ததும் உத்தமபாளையத்துப் பெண் இழுத்துப் பிடித்து அவளுக்கும் அளவெடுத்திருக்கிறாள் என்று தெரிந்தது. அளவு எழுதிய சீட்டை என்னிடம் தரவில்லை. அவளிடமே கொடுத்தாள்.

"திங்கக்கிழமை வாறப்ப இதக் கொண்டாந்துரு. இது போதும்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்தாள்.

அளவு ஜாக்கெட்டுகளையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். இனி ஆளுக்கு ஆள் அளவெடுத்துப் படிக்க வேண்டும். நான் ஆண். அறைக்குள் நிற்க முடியாது. கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் நாற்காலி போட்டுக்கொண்டு, டேப்பை எங்கே வைப்பது, எங்கே முடிப்பது என்று உள்ளே கேட்கும்படி சொல்வேன். சட்டமெல்லாம் உத்தமபாளையத்துப் பெண் போட்டாள். நம்பரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சீட்டில் எழுத வேண்டும். ஒருத்தி அளவைப் பற்றி இன்னொருத்தி சிரிக்கக் கூடாது. மலையாளப் பெண்ணுக்குத் தமிழ் எழுத வராது. அவளுக்கு நம்பர் மட்டும் போதும் என்றாள். இதெல்லாம் எனக்குத் தோன்றியிருக்காது. முதல்வர் அம்மா ஒரு நாள் வராந்தாவில் என்னோடு நின்று கேட்டுவிட்டு, "என் கூட்டத்துல இதைச் சொல்லாம விட்டுட்டேனே" என்றார்.

இரண்டாம் நாள் ஓடைப்பட்டி மருமகளுக்கு அளவெடுக்க மலைப்பிள்ளையின் முறை வந்தது.

"வேணாம். எனக்கு நானே எடுத்துக்கிருவேன்" என்று குரல் கேட்டது.

"முதுகுக்கு?" என்றாள் உத்தமபாளையத்துப் பெண். "மூணாங்கை வச்சிருக்கீகளோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் எதுவும் சொல்ல முடியாது. அளவு ஜாக்கெட் இருந்தவரை யாரும் யாரையும் தொட வேண்டியிருக்கவில்லை. நானும் யாரையும் தொடாமலேதான் முப்பது வருடம் தைத்தேன். அது எப்படிப்பட்ட வசதி என்று அந்த நாற்காலியில்தான் புரிந்தது. அந்தப் பிள்ளை இப்போது எழுந்து போனால் இனி வர மாட்டாள் என்பதும் தெரிந்தது.

கடைசியில் ஓடைப்பட்டி மருமகள் குரல் வந்தது. சத்தம் குறைந்திருந்தது.

"சரி, எடு."

அந்தச் சீட்டை வைத்து வெட்டிய ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க வேண்டி வரவில்லை. கால் இஞ்ச் பிசகில்லை. அந்தப் பிள்ளைக்குக் கை அப்படி. மாதம் முடிவதற்குள் ஓடைப்பட்டி மருமகளே கேட்க ஆரம்பித்தாள்.

"எங்க அந்தப் பிள்ளை? அவ எடுத்தாத்தேன் எனக்குச் சரியா உக்காருது."

மன்னிப்பு என்று அவள் கேட்டதில்லை. மதியம் ஒரு நாள் திராட்சைக் கூடையை முதலில் அந்தப் பிள்ளை பக்கம் தள்ளியதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பத்துப் பேரும் பரீட்சை எழுதினார்கள். பத்துப் பேரும் தேறினார்கள்.

போன மாதம் மலைப்பிள்ளை மிஷினுக்குப் பெல்ட் வாங்கத் தேனிக்கு வந்தவள் கல்லூரிக்கு ஏறி வந்தாள். தோள் சரியாக நின்ற ஜாக்கெட். கையில் நீளமான நோட்டு. பக்கத்துக்கு ஒரு பெண். தோள், மார்பு, கை, முதுகு.

"எல்லாம் நீ எடுத்ததா?"

"ஆமா மாஸ்டர். கடைசிப் பக்கத்துல இருக்குறவுக கீழ ஊர்க்காரவுக, எங்களுக்குப் பழசு குடுத்தவுக. அவுகளும் இப்ப எங்கிட்டதேன் வாறாக."

நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாக எண்ணினேன்.

நாற்பத்தொன்று.