கூட்டுத்தொகை ஒன்பது

எனக்குச் சந்தேகப் புத்தி. பால் பாக்கெட் கனம் குறைந்தாற்போல் தெரிந்தால் தராசில் வைத்துப் பார்ப்பேன். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஒரே தப்பைச் செய்திருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடிக்காமல் விடைத்தாளைக் கீழே வைக்க மாட்டேன். "நீ போலீஸ்ல சேர வேண்டியவ, தெரியாம பி.எட். படிச்சுட்ட" என்று என் கணவர் சொல்லுவார். அதைப் பாராட்டு என்றுதான் பல வருஷம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தி ஒரு பெண்ணை வீட்டில் தலைகுனிய வைத்த கதை இது.

சர்க்கரை கூடிப்போய், டாக்டர் நடக்கச் சொன்னார். முட்டிவலியோடு எங்கே நடப்பது? சைக்கிள் வாங்கினேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் காலனியிலிருந்து நான் கணக்குச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் பத்து நிமிஷம்தான். சைக்கிள் வந்த பிறகு ஸ்கூட்டர் சும்மா நின்றது. எங்கள் வீட்டு ஒயரிங் வேலையெல்லாம் செய்த எலெக்ட்ரீஷியன் ஊரப்பாக்கத்துக்காரர். அவர் பெண்ணுக்குப் பொத்தேரியில் காலேஜ் கிடைத்திருந்தது. "பாப்பா போய் வர ஒரு வண்டி இருந்தா தேவல டீச்சர்" என்றார். கொடுத்துவிட்டேன்.

ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவேண்டும் அல்லவா? மறுநாள் ஆடி பிறந்தது. "ஆடி போவட்டும் டீச்சர், ஆவணில மாத்திக்கலாம்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆவணி வந்தது, அவருக்கு ஒரு புது அபார்ட்மென்ட்டில் வேலை. புரட்டாசி வந்தது, எனக்குக் காலாண்டுத் தேர்வு. வண்டி அவரிடம் ஓடிக்கொண்டிருந்தது, பெயர் என்னிடம் இருந்தது.

இன்னொன்றும் என்னிடம் இருந்தது. அந்த ஸ்கூட்டருக்கு நம்பர் வாங்கும்போது, கூட்டுத்தொகை ஒன்பது வரவேண்டும் என்று என் கணவர் படாத பாடு பட்டார். கணக்கு டீச்சர் வீட்டில் இப்படி ஒரு கணக்கா என்று கேலி செய்தேன். ஆனால் பதினோரு வருஷம் அந்த வண்டிக்கு ஒரு கீறல் விழவில்லை. விற்பதற்கு முன்னால் புது நம்பர் பிளேட் மாட்ட வேண்டியிருந்தது. கழற்றிய பழைய பிளேட்டைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. கேலி செய்த நானேதான் அதைத் துடைத்துப் பரணில் வைத்தேன்.

ஐப்பசி மழையில் சைக்கிளின் பின்பக்க மட்கார்டு உடைந்தது. பள்ளிக்கூடம் போய் இறங்கினால் சுடிதார் முதுகெல்லாம் சேறு. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சைக்கிள் கடைக்காரர், "புது மட்கார்டு வர ஒரு வாரம் ஆகும், தகடு ஏதாச்சும் இருந்தா எடுத்துட்டு வாங்க டீச்சர், இப்போதிக்கு அட்ஜஸ்ட் பண்ணித் தரேன்" என்றார். வீட்டில் என்ன தகடு இருக்கிறது? தேடியதில் கிடைத்த ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு ஓட்டை போட்டு, நட்டு வைத்து முடுக்கிக் கொடுத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது, சேறும் நின்றது. அதற்குப் பிறகு அதை நான் மறந்தே போனேன்.

கார்த்திகையில் ஒருநாள் என் போனுக்கு மெசேஜ் வந்தது. என் பழைய ஸ்கூட்டர் நம்பர். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதாக அபராதம். இடம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல், நேரம் காலை எட்டு பத்து. கீழே ஒரு லிங்க். எனக்கு முதல் சந்தேகம் அந்த லிங்க் மேல்தான். தொட்டால் பேங்கில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று ஸ்டாஃப் ரூமில் தினமும் ஒரு கதை ஓடுகிறது. நான் தொடவில்லை. எலெக்ட்ரீஷியனுக்கு அப்படியே அனுப்பிவிட்டுப் போன் போட்டேன்.

அவர் கை எப்போதும் ஸ்க்ரூ டிரைவரில் இருக்கும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அன்று வீட்டில்தான் இருந்தார். மிக்ஸி ஓடி நின்ற சத்தம் கேட்டது. லிங்க்கைத் தயங்காமல் திறந்து பார்த்தார்.

"நம்ம நம்பர்தான் டீச்சர். ஒரு பொம்பள முதுகு தெரியுது. துப்பட்டாவ தலைல சுத்திக்கினு கீது. மூஞ்சி தெர்ல."

"உங்க வீட்ல வேற யாராவது வண்டி எடுக்கறாங்களா?"

"பாப்பா மட்டும்தான். அது பொத்தேரிக்கு இல்ல போவுது? ராஜகீழ்ப்பாக்கத்துல அதுக்கு இன்னா வேலை?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "அதைத்தான் நானும் கேக்கறேன். நல்லா விசாரிங்க. இந்த வயசுப் பிள்ளைங்க காலேஜ்னு சொல்லிட்டு எங்க போகுதுன்னு நமக்கு என்ன தெரியும்? முகத்தை வேற மூடிட்டுப் போயிருக்கா" என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர்" என்று வைத்துவிட்டார். அன்று மாலையே அபராதத்தைக் கட்டிவிட்டதாக மெசேஜ் போட்டார்.

எட்டு பத்துக்கு நானும் தினமும் அதே சிக்னலில்தான் நிற்பேன். அன்று அந்தப் பெண் எப்படி என் கண்ணில் படாமல் போனாள் என்பதுதான் என் யோசனையாக இருந்தது. மறுநாளிலிருந்து நோட்டம் விட ஆரம்பித்தேன். சைக்கிளை ஓரமாக நிறுத்தி, தூசிக்காகத் துப்பட்டாவைத் தலையிலும் மூக்கிலும் சுற்றிக்கொண்டு, என் பழைய வண்டியைப் போன்ற நீல ஸ்கூட்டர் ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் எட்டி எட்டிப் பார்த்தேன். பெயர் மாற்றாமல் விட்டதே இதற்குத்தானோ என்று எலெக்ட்ரீஷியன் மேலும் சந்தேகம் வந்தது. மாட்டினால் என் பெயர்தானே மாட்டும். ஆடி மாசம் என்று சொன்னதுகூடத் திட்டம்தானோ?

பத்து நாள் கழித்து இரண்டாவது மெசேஜ். அதே சிக்னல், அதே நேரம். ஹெல்மெட் இல்லை, போதாததற்கு ஒன்வேயில் எதிர்ப்பக்கம் வந்ததாக இன்னொரு குற்றம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இடைவேளை மணி அடித்ததும் மாடிப்படிக்குக் கீழே நின்று போன் போட்டேன்.

"என்னங்க இது? மறுபடியும் வந்திருக்கு. பொண்ணைக் கண்டிக்கவே இல்லையா?"

"டீச்சர், வண்டி பத்து நாளா வூட்லயே பூட்டி நிக்குது. சாவி என் சட்டைப் பையில கீது. பாப்பா ட்ரெயின்ல போய் வந்துகினு கீது." அவர் குரல் கம்மிப்போயிருந்தது. "நான் போவலப்பா, போவலப்பான்னு அழுதுச்சு. நான்தான் நம்பல. ராஜகீழ்ப்பாக்கத்துல யாரப் பாக்கப் போனேன்னு கேட்டேன் டீச்சர். பெத்தவன் கேக்குற கேள்வியா அது? அன்னிலேர்ந்து என்னாண்ட பேசறதில்ல. ஒரே பேஜாரா கீது."

அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? இவர் பொய் சொல்கிறாரோ என்றுதான் முதலில் போனது. பிறகு, பூட்டிய வண்டி எப்படி சிக்னலுக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும் பளிச்சென்று விடை கிடைத்தது. போலி நம்பர் பிளேட்! எவளோ ஒருத்தி நம் நம்பரைத் திருடி மாட்டிக்கொண்டு திரிகிறாள். பேப்பரில் எத்தனை செய்தி படிக்கிறோம். ஒரு தப்பும் செய்யாத பெண் வீட்டில் அழுகிறாள், அந்தத் திருடி ஜாலியாக ஒன்வேயில் போகிறாள். அந்தப் பெண்ணுக்காக நானே போய் வாதாடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை முழுநீளத் தாளில் புகார் எழுதினேன். "அடையாளம் தெரியாத அந்தப் பெண்மணியைக் கண்டுபிடித்துக் கடுமையான நடவடிக்கை எடுக்குமாறு" என்பதற்குக் கீழே ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன். சைக்கிளில் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்குப் போய், வாசலில் வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். பூட்டு சரியாக விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்தும் பார்த்தேன்.

சப் இன்ஸ்பெக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டார். நம்பரைத் தட்டி, கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினார். போனில் வரும் படத்தில் நம்பரும் அதற்கு மேல் முதுகும் மட்டும்தான் தெரியுமாம். அவரிடம் இருப்பது முழுப் படம். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தார்.

"மேடம், அந்த சைக்கிள் யாரோடது?"

"என்னோடதுதான். ஏன், நோ பார்க்கிங்கா?"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். சைக்கிள் கேரியரில் என் சாப்பாட்டுப் பை. அதற்குக் கீழே கூட்டுத்தொகை ஒன்பது. மேலே என் முதுகு, என் பச்சை சுடிதார், தலையைச் சுற்றி என் துப்பட்டா. அடுத்த படத்தில், எதிர்ப்பக்கமாகப் பாதிச் சாலையைக் கடந்திருந்தேன். சைக்கிளுக்கு ஏது ஒன்வே என்று தினமும் அப்படித்தான் போவேன்.

அவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "கேமராவுக்கு நம்பர்தான் மேடம் தெரியும், சைக்கிளா ஸ்கூட்டரான்னு தெரியாது. பாத்து அனுப்ப வேண்டிய ஆளும் சரியாப் பாக்கல. சைக்கிள் ஓட்டறவங்க ஹெல்மெட் போடலன்னு எல்லாம் கேஸ் போட முடியாது. ஆனா வண்டி நம்பரை சைக்கிள்ல மாட்டிட்டு வந்தா நான் உங்களை என்ன பண்றது? இந்தப் புகாரை யார் மேல எழுதறது, சொல்லுங்க."

"ரெண்டு கேஸையும் ரத்து பண்ணுங்க சார்."

"ரெண்டாவதுக்கு எழுதிக் குடுங்க, எடுத்துரலாம். முதல் கேஸுக்குப் பணம் கட்டியாச்சே. கட்டிட்டா தப்பை ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். அது முடிஞ்சு போச்சு."

அந்தப் பேச்சு என்னைச் சுருக்கென்று குத்தியது. எலெக்ட்ரீஷியன் ஒத்துக்கொண்டது தன் தப்பை அல்ல, தன் பெண் செய்யாத தப்பை. அதுவும் என் பேச்சைக் கேட்டு. "பணம் திரும்ப வேண்டாம் சார். நான் எழுதித் தரேன், சீல் வெச்சு ஒரு நகல் மட்டும் குடுங்க" என்றேன். புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதினேன்: "இரண்டு படங்களிலும் இருப்பது நான்தான். ஸ்கூட்டருக்கும் அதை ஓட்டும் பெண்ணுக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை."

சப் இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இங்க வர்றவங்க எல்லாரும் 'அது நான் இல்ல'ன்னுதான் எழுதுவாங்க. 'அது நான்தான்'னு எழுதின முதல் ஆள் நீங்கதான் மேடம்." சீல் குத்தி நகலைக் கொடுத்தார். ஸ்பேனரும் அவரே வரவழைத்து, அந்த பிளேட்டைக் கழற்ற வைத்துத்தான் என்னை அனுப்பினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்தில் ரயில் ஏறி ஊரப்பாக்கத்தில் இறங்கினேன். ரயிலில் போகும்போது ஒரு எண்ணம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருந்தது நான் என்று சொன்னால் போதும். "எங்க போகுதுன்னு நமக்கு என்ன தெரியும்" என்று நான் போனில் சொன்னதை எதற்குச் சொல்லவேண்டும்? அது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. என் மரியாதை என்னிடமே இருக்கும்.

அவர்கள் வாசலில் ஸ்கூட்டர் பழைய போர்வை போர்த்தி நின்றது. எலெக்ட்ரீஷியன் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அடப்பாவமே, அது நீங்களா டீச்சர்!" என்று வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வாயேன். டீச்சர் எழுதியே குடுத்துட்டாங்க. அது நீ இல்லியாம்!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒல்லியான பெண். "நான் இல்லன்னு எனக்குத் தெரியாதாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள். தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக, சீல்வரைக்கும் படித்தாள். அவள் படிப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"உன்னை விசாரிக்கச் சொன்னதே நான்தாம்மா. இந்த வயசுப் பிள்ளைங்க எங்க போகுதுன்னு தெரியாதுன்னு அப்பாகிட்ட சொன்னேன். தப்பு. என்னை மன்னிச்சுடு."

"தெரியும் டீச்சர். ஃபோன் ஸ்பீக்கர்லதான் இருந்துச்சு. நான் மிக்ஸிகிட்ட நின்னுட்டு இருந்தேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபமாகத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். எலெக்ட்ரீஷியன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை.

"அன்னிக்கு டீச்சர் சொன்னாங்கன்னு வாங்கி வெச்சுக்கின. இன்னிக்கு டீச்சர் எழுதிக் குடுத்தாங்கன்னு தர்ற. நடுவுல நான் எவ்ளோ வாட்டி சொன்னேன்பா."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு அவளே கை நீட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். சீல் வைத்த தாளை நான்காக மடித்தாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டும் டீச்சர். யாராவது திரும்பக் கேட்டா காட்டணும் இல்ல?"

வாசலுக்குப் போய்ப் போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு, சீட்டைத் திறந்தாள். உள்ளே என் பெயரிலேயே இருந்த ஆர்.சி., இன்சூரன்ஸ் காகிதங்களோடு அந்தத் தாளையும் வைத்துப் பூட்டினாள்.