நெஞ்சளவுத் தண்ணீர்

பெயின்டர் வீட்டின் பின்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, இறுகிப்போன பிரஷ்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய சீப்பால் வாரிக்கொண்டிருந்தார். விரல்கள் பழக்கம் மாறாமல் ஓடின. தலை மட்டும் அசையவில்லை. பக்கத்தில் கிடந்த துணியை எடுக்கக்கூட முழு உடம்பையும் சேர்த்துத் திருப்பினார். ஆள் இன்னும் தேறவில்லை.

என்னை வரச் சொன்னது அவர் மனைவி. பெரிய கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்கு மேலே, உச்சிக் கூரைக்கு வண்ணம் பூசப் பழைய கூட்டாளி கூப்பிட்டிருந்தான். விடிந்தால் வேலை. இவரும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

உயரம் என்றால் அவருக்குத் தரை மாதிரிதான். சாரத்தில் நின்றபடியே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடிப்பாராம். போன வருடம் வந்த காய்ச்சல், இடது காதுக்குள்ளே உடம்பை நிலையாக நிறுத்தும் பகுதியைக் கெடுத்துவிட்டது. அதன்பிறகு கழிப்பறைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார். அப்போதுதான் மருத்துவமனை வெந்நீர்க் குளத்துக்கு வந்தார். அங்கே ஆட்களைத் தண்ணீரில் இறக்கி நடக்கப் பழக்குவது என் வேலை.

நெஞ்சளவுத் தண்ணீரில் வேகமாக முன்னேறினார். ஒற்றைக் காலில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். ஒருநாள் அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். தண்ணீர் மெதுவாக ஏந்திக்கொண்டது. சிரித்துக்கொண்டே எழுந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி இடுப்பளவு, அது பழகியதும் முழங்காலளவு என்றேன். ஆழம் குறைந்தால் தள்ளாட்டம் வெளியே தெரியும் என்று அவருக்கும் தெரியும். நெஞ்சளவை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்.

"தண்ணிக்குள்ள ராஜா, தரைல கூஜா," என்றாள் மனைவி, துணியை உதறியபடி. அவர் காதில் வாங்கவில்லை.

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. துண்டை அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டி, பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். காலைச் சேர்த்து வைத்து மேலே பாருங்கள் என்றேன். கொடிக் கயிற்றைத் தாண்டி அவர் பார்வை வானத்துக்குப் போனது. மறுநொடி மூட்டை மாதிரி சரிந்தார். துண்டு என் உள்ளங்கையை அறுத்தது. மனைவி ஓடிவந்து தோளைத் தாங்கியிருக்காவிட்டால் மண்டை துவைக்கும் கல்லில் பட்டிருக்கும்.

இன்னொரு முறை என்றார். நின்றார். அதே பக்கம் சரிந்தார்.

முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"குளத்துல நான் விழலயே அக்கா."

"விழுந்தீங்க தம்பி. தண்ணி பிடிச்சுக்கிச்சு. படிக்கட்டுல யாரு பிடிப்பா?"

அவர் பிரஷ்களைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வாசல்வரை வந்த மனைவி, இந்த மனுஷன் பதில் சொல்லாமல் போனால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம் என்றாள். என்ன முடிவு என்று அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை நான் குளத்தைத் திறக்கும் முன்பே அவள் போன் செய்தாள். படுக்கை காலி. பிரஷ் பொட்டலமும் இல்லை. இருவரும் அந்தக் கட்டடத்துக்கு ஓடினோம்.

கீழே நின்று கூப்பிட்டோம். பதிலுக்கு எங்கள் குரலே திரும்பி வந்தது. ஏறினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் முதலில் தரையைப் பார்த்தேன், பிறகுதான் மேலே. அவள் கைப்பிடிக் கம்பிக்கு அந்தப்புறம் திரும்பவே இல்லை. வண்ணத்தின் நெடி ஏற ஏறக் கூடியது.

உச்சியில் ஏணிமேல் நின்றவன் கூட்டாளி. காதில் பாட்டு ஓடியதால் நாங்கள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. பெயின்டர் ஏணிக்குக் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பிகளுக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் குரல் கேட்டதாம், கத்தினால் தலை சுற்றுமாம்.

"ஏணி அவனுக்கு, கம்பி எனக்கு. இதையும் வேணாம்னு சொல்லிடாதீங்க அக்கா," என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பிகளுக்கு நடுவே ஓரிடத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. மனைவி அவருக்கும் அந்த இடைவெளிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கடைசிக் கம்பி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.