வாளியில் போட்ட பலகை

புது வீட்டுச் சமையலறையில் கதவு வைத்த அலமாரி வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான். காவாந்தண்டலத்தில் எங்கள் தெருவில் யாரும் அப்படிப் போட்டதில்லை. களை எடுக்கப் போகிற நிலத்துக்காரர் வீடுகளில் பார்த்துப் பார்த்து மனசுக்குள் வைத்திருந்தேன். உத்திரமேரூர் கடைத்தெருவில் அலமாரி செய்து மாட்டித் தருகிற ஒருவரிடம் நானும் வீட்டுக்காரரும் போனோம். பளபளப்பான கதவு ஒன்றைத் தட்டிக் காட்டினார் அவர்.

"எல்லாம் பிளைவுட்டு தங்கச்சி. உன் பேரன் காலத்துக்கும் ஆடாது."

நானும் தட்டிப் பார்த்தேன். தட்டினால் எனக்கு என்ன தெரியும்?

முதல் மழைக்காலத்தில் சிங்க் குழாய் லேசாகக் கசிந்தது. நான் கவனித்துத் துடைப்பதற்குள் கதவின் அடிப்பக்கம் ஊறின உளுந்து மாதிரி உப்பிவிட்டது. பிறகு மேலே ஒட்டியிருந்த தாள் உரிந்தது. ஒருநாள் காலையில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போது உள்தட்டு சரிந்து, பாத்திரமெல்லாம் தரையில் கொட்டியது. எண்ணெய்த் தூக்கு கவிழ்ந்து ஓடியது. திருகாணி இருந்த இடத்தைத் தொட்டேன். புட்டு மாதிரி உதிர்ந்தது.

வீட்டுக்காரர் கம்பெனியில் பலகை லோடும் ஏற்றுகிறவர். உடைந்த துண்டைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிட்டார்.

"இது பிளைவுட்டே இல்லடி. பார்ட்டிகிள் போர்டு. மரத்தூள பசை போட்டு அமுக்கி வெச்சிக்கீறான்."

கடைக்குப் போய்க் கேட்டேன். அந்த ஆள் எழுந்திருக்கக்கூட இல்லை.

"தண்ணி பட்டா எதுதாம்மா கெடாது? சமையக்கட்டா, ஏரியா அது? இதெல்லாம் புழங்கத் தெரிஞ்சவங்க வாங்கணும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கச்சி என்று கூப்பிட்ட வாய்தான் அது. புழங்கத் தெரிஞ்சவங்க என்றால் யார் என்று எனக்குப் புரியாமலில்லை. அன்றோடு என் மனசில் 'அவர்' போய் 'அவன்' வந்தான். பஸ்ஸில் வரும்போது அழவில்லை. அவனை என்ன செய்யலாம் என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

தை மாதம் வரை காத்திருந்தேன். அலமாரி போட ஆட்கள் வருகிற காலம் அது. ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில், கடைத்தெருக் குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடித்துக்கொண்டு அவன் கடைக்குள் போனேன். புது வீடு கட்டுகிற புருஷன் பெண்டாட்டி இருவர் உட்கார்ந்திருந்தார்கள். "பிளைவுட்டுதான் சார்" என்று அவர்களிடம் அதே கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அதுல ஒரு துண்டு குடுண்ணே. இந்தத் தண்ணில போட்டுப் பாக்கலாம்."

"இன்னா பேஜாரு இது? வெளிய போம்மா."

அந்த அம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "பிளைவுட்டுன்னா இன்னா பயம்? போடுங்களேன்" என்றாள்.

அவனால் மறுக்க முடியவில்லை. மூலையில் கிடந்த ஒரு துண்டை நானே எடுத்து வாளியில் முக்கி, மேலே கல் வைத்தேன். அவர்கள் கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார்கள். நான் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவன் ஒருமுறை வந்து, "மாத்திக் குடுத்துடறேம்மா, வாளிய எடுத்துக்கினு போ" என்று மெதுவாகச் சொன்னான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் முகம் வியர்த்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பசியே எடுக்கவில்லை.

மதியம் அவர்கள் வந்தபோது பலகையின் ஓரம் விரிந்து பிளந்திருந்தது. அந்த அம்மா நகத்தால் கிள்ளினாள். கையோடு வந்தது. இருவரும் படி இறங்கிப் போனார்கள். வாசலில் கூட்டம் கூடியிருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் நல்ல பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவனே எங்கள் தெருவுக்கு வந்தான். நான் வாங்கவில்லை. "மாட்டினத கழட்டிக்கினு போ, அது போதும்" என்றேன். தெருவே நின்று பார்க்க, ஒவ்வொரு கதவாகத் தலையில் சுமந்து கொண்டுபோய் வண்டியில் வைத்தான். மரத்தூள் அவன் தலையெல்லாம் கொட்டியது. தலையைத் துடைக்கத் துண்டு கேட்டான். நான் கொடுக்கவில்லை.

"மன்னிச்சி உட்டுடேன், பாவம்" என்றார் வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன். ஜெபத்தில் எல்லாரையும் மன்னிக்கிறோம் என்று சொல்கிற இடம் வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். இப்போது என் பாத்திரங்கள் கடப்பா கல் தட்டில், கதவில்லாமல் இருக்கின்றன. யார் வீட்டில் அஸ்திவாரம் தோண்டினாலும் நான் போய் அவன் கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.