எண் கிடைக்காத அடுப்பு

மகாபலிபுரம் போக எது நல்ல வழி என்று மாதம் ஒருவராவது கேட்டு எழுதுகிறீர்கள். நான் முதல்முறை போன வழியையே சொல்கிறேன். அந்த ஊரைப் பற்றி இத்தனை வருடம் எழுதாமல் தட்டிக்கழித்ததற்கான காரணமும் அதில்தான் இருக்கிறது.

1976, நெருக்கடி நிலைக் காலம். சென்னையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். மனு எழுதுவதில் கெட்டிக்காரன் என்று ஆபீசில் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒரு சனிக்கிழமை விடுமுறை கிடைத்ததும், காலையில் சிற்பங்கள், மாலையில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை என்று தனியாகக் கிளம்பிவிட்டேன்.

எழும்பூரில் 5.40க்கு ரயில். செங்கல்பட்டு 56 கிலோமீட்டர், 7.20க்குப் போய்ச் சேர்ந்தது, ஒரு நிமிடம் பிசகவில்லை. அந்த வருடம் ரயில்கள் சொன்ன நேரத்துக்கு வந்தன. அதைச் சொல்லியே மற்றவற்றைப் பற்றி யாரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டேஷன் வாசலில் ஒரு தள்ளுவண்டிகூட இல்லை. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். 29 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் ஒரு ரூபாய் பத்துக் காசு.

டீ எங்கே கிடைக்கும் என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"ரோட்டோரக் கடை எல்லாத்தையும் தூக்கிட்டாங்க சார். வெள்ளக்காரன் வர்ற ஊரு பாரு, சுத்தமா இருக்கணுமாம். மகாபலிபுரத்துல இன்னிக்கித்தான் தூக்கறாங்க. போனதும் நாஸ்தா துண்ணுடு."

நல்ல யோசனை என்றுதான் அப்போது தோன்றியது. 8.50க்கு இறங்கியதும் எதிரிலேயே ஒரு கடை. நாலு கம்பு, மேலே கீற்று, ஒரு விறகு அடுப்பு. எல்லம்மா என்று ஒரு மீனவப் பெண், நாற்பது வயதிருக்கும், இட்லிக்குப் பக்கத்தில் வறுத்த மீன் துண்டு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அந்த மீனுக்காகவே இன்னொரு முறை வரலாம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துக் கடைப் பலகைகளில் கறுப்புத் தாரில் எண் எழுதியிருந்தது. இந்தக் கடையில் எண் இல்லை.

நான் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்ததை அவர் பார்த்துவிட்டார்.

"எழுதத் தெரியுமா சார்? ஒரு மனு எழுதிக் குடு. நம்பர் கீறவங்களுக்கு பஸ் ஸ்டாண்டு பின்னால இடம் தர்றாங்க. இல்லாதவங்கள பன்னெண்டு மணிக்குத் தூக்கறாங்க."

"உங்களுக்கு ஏன் எண் போடவில்லை?"

"கணக்கெடுக்க வந்த அன்னிக்கி நான் கடை போடல. எங்க குப்பத்து ஆளு ஒருத்தன் கட்டுமரத்துல போனவன் திரும்பல. அப்படி ஆனா எரியற அடுப்புல தண்ணிய ஊத்திட்டு, பொணம் கரை ஒதுங்கற வரைக்கும் குப்பத்துல யாரும் அடுப்பு மூட்ட மாட்டோம். அது ஒதுங்க மூணு நாளாச்சு. எரியற அடுப்பத்தான் எண்ணிக்கினு போனாங்களாம். எங்கேருந்தோ வந்தவங்களுக்கெல்லாம் நம்பர் கீது. இங்கேயே பொறந்த எனக்கு இல்ல."

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இதற்குத்தானே நான் இருக்கிறேன்! பையில் எப்போதும் இருக்கும் வெள்ளைத் தாளை எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதினேன். திரும்பாத கட்டுமரம், மூன்று நாள் எரியாத அடுப்பு, குப்பத்து வழக்கம், எல்லாவற்றையும் உருக்கமாக எழுதி, இரண்டு பக்கம் நிறைத்தேன். வாசித்துக் காட்டியபோது எல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டாக அதை எடுத்துக்கொண்டேன்.

பஸ் நிலையத்து வேப்பமரத்தடியில் அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு சுண்டல்காரர். கணக்கெடுத்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்ததாக வரிசையில் நிற்கும்போது எங்களிடம் சொன்னார். அவருடைய மனுவில் ஒரே வரி: பத்து வருடமாக இங்கே கடை வைத்திருக்கிறேன், எண் விட்டுப்போய்விட்டது. அதிகாரி தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

என் இரண்டு பக்கத்தையும் அவர் பொறுமையாகவே படித்தார். ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

"மூணு நாள் வியாபாரம் நடக்கலைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா. கணக்கெடுப்பு அன்னிக்குத் தொழில்ல இருந்தவங்களுக்குத்தான் இடம். இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

வேறு மனு எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் தாளைக் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டிவிட்டார். வாங்கியது வாங்கியதுதான் என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. என்மேல் அதைவிட அதிகம்.

பன்னிரண்டுக்கு லாரி வந்தது. சொன்ன நேரத்துக்கு. கம்புகளையும் கீற்றையும் ஏற்றினார்கள். நான் எல்லம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ பொய் ஒண்ணும் எழுதலியே சார்," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு மணி பஸ்ஸில் சதுரங்கப்பட்டினம் போனேன், 13 கிலோமீட்டர். கோட்டையைச் சுற்றி வந்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அதனால் கோட்டையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

இப்போது போகிறவர்களுக்கு: செங்கல்பட்டு வழியாகவே போங்கள், கூட்டம் குறைவு. ஒன்பதுக்குள் சிற்பங்களைப் பார்க்கத் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். கோட்டையில் நிழல் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். சாலையோரத்தில் சாப்பிடத் தயங்காதீர்கள். யாராவது மனு எழுதித் தரச் சொன்னால், வாங்குகிறவர் எதைத் தேடிப் படிப்பார் என்று முதலில் விசாரித்துவிட்டு எழுதுங்கள். நான் அதற்குப் பிறகு ஏழெட்டு முறை போயிருக்கிறேன். பஸ் நிலையத்தின் பின்னால் எண் போட்ட கடைகளில் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எல்லம்மா எதிலும் இல்லை.

அன்று லாரிக்காரர்கள் அவசரப்படுத்தியபோது, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் அவரே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். புகை முகத்தில் அடித்தது. யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"பொணம் உழாம அடுப்புல தண்ணி ஊத்தறது எனக்கு இதான் மொத தபா."