காயலில் எனக்கு வீடில்லை

சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், கொழும்பில் கடை வைத்திருந்த நான் ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டேன். "காயல்பட்டினத்தில் வீடிருக்கிறது, அங்கேயே இரு" என்று இலங்கை அதிகாரி திரும்பிவர அனுமதி மறுத்தார். இலங்கைக் கோர்ட்டும் கைவிரித்தது. மேல்கோர்ட்டில் அப்பீல் செய்யவே தனி அனுமதி வேண்டுமாம்.

"வலுவான காரணம் வேணுமே" என்றார் தூத்துக்குடி வக்கீல்.

கூட வந்த என் மனைவியின் அண்ணன்தான் பேசினார்.

"அது இவுக வீடில்ல, வக்கீலய்யா. எங்க ஊர்ல வீடு பொண்ணுக்குத்தான். வாப்பா என் தங்கச்சிக்குக் குடுத்தது. மச்சான் அங்கன வந்து தங்குற மாப்பிள்ளை."

"இவருக்கு இந்தியாவில் வீடில்லை" என்று மனுவில் எழுதி வக்கீல் என்னிடம் நீட்டினார். தோற்றால் இரண்டு கரையிலும் இடமில்லையே என்று நினைத்தபடியே கையெழுத்திட்டேன்.

அப்பீலில் ஜெயித்து, கொழும்புக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது, கடையும் தப்பியது. ஆனால் இன்றும் ஊருக்கு வந்தால், உள்ளே வரலாமா என்று கேட்கத் தோன்றி, வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.